ஜாக்கி மேல் நிற்கும் வீடு

தண்ணீரின் முகவரி – 9

மடிப்பாக்கத்தில் ஒரு தெரு. மாடி வீடு ஒன்று தரையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைச் சுற்றிலும் அறுத்து, அடியில் இரும்புச் சேனல் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு. வீடு நூலளவு எழும்புகிறது. மூன்றரை அடி ஏறியதும் இடைவெளியைச் செங்கல்லும் கான்கிரீட்டும் வைத்து அடைத்துவிடுவார்கள். மாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். “கட்டும்போது ரோட்டைவிட ரெண்டடி ஒசரம் சார். ரோடு மேல ரோடு போட்டு, இப்ப நான்தான் பள்ளத்துல இருக்கேன்” என்றார். 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர். 2023இல் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும்.

கோப்பைக் கொண்டுவந்து விரித்தார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரைபட அனுமதி, வங்கிக் கடனுக்காக வக்கீல் எழுதித் தந்த கருத்துரை. “ஒரு பேப்பர் குறையாது சார்.” உண்மைதான். புரட்டிக்கொண்டே போனதில் தாய்ப்பத்திரத்தில் ஒரு சொல்லில் கண் நின்றது: ‘நஞ்சை’.

நஞ்சை என்றால் தண்ணீர் பாய்ச்சி, நிறுத்தி, நெல் விளைவிக்கும் நிலம். ஏரிக்குக் கீழே, மதகு திறந்தால் தானாக நீர் வந்து நிற்கும் மட்டத்தில் இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். பிற்காலப் பத்திரங்களில் அந்தச் சொல் ‘மனை’ ஆகிவிட்டது. சொல்தான் மாறியது, மட்டம் மாறவில்லை. தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. மடிப்பாக்கம் அந்த வழியில்தான் இருக்கிறது.

சரி, யார் பொறுப்பு?

கையெழுத்திட்டவர்களை வரிசையாக நிறுத்திக் கேட்டால் ஒருவரும் பொய் சொல்ல வேண்டியிருக்காது. விற்பவரும் வாங்குபவரும் யார், முத்திரைத்தாள் கட்டணம் சரியா என்று பார்த்தார் சார்பதிவாளர். பட்டா யார் பெயரில் என்று பார்த்தது வருவாய்த் துறை. எத்தனை அடி இடம் விட்டுக் கட்டுகிறார் என்று பார்த்தது திட்ட அனுமதி. முப்பது வருடத்து உரிமைத் தொடர்ச்சியைப் பார்த்தார் வங்கி வக்கீல். நிலம் யாருடையது என்று அத்தனை பேரும் கேட்டார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.

பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கு அந்தக் கேள்வி உண்டு. வெள்ளம் தேங்குமா என்று ஆராய்ந்து தடையின்மைச் சான்று தருவது நீர்வளத்தைக் கவனிக்கும் துறையின் வேலை. இடம் தாழ்வாக இருந்தால் இத்தனை உயரத்துக்கு மண் கொட்டி நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். மண் கொட்டினால் அந்த மனை தப்பிக்கும். அங்கே தேங்க வேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். இதுவும் ஜாக்கி வைத்துத் தூக்குவதுதான். கொஞ்சம் பெரிய அளவில்.

தனியாரை மட்டும் குறை சொல்லித் தப்பவும் முடியாது. சென்னையில் ஏரிக்குள் வீடு கட்டலாம் என்று முதலில் கற்றுக்கொடுத்தது அரசுதான். 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வடித்துத் தியாகராய நகர் எழுந்தது; மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியத்தின் மனைப்பிரிவுக்குப் பெயரே ‘ஏரித் திட்டம்’.

2015 வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை குறித்தது. அந்த ‘மனிதர்கள்’ யார் என்று முடிவாவதற்குள் ஜேசிபி கிளம்பிவிட்டது, அடையாறு, கூவம் கரைக் குடிசைகளை நோக்கி. ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி அவர்களில் பெரும்பகுதியை எங்கே குடியேற்றினார்கள்? பெரும்பாக்கத்தில், அதே கழுவெளியின் ஓரத்தில். மழைக்காலத்தில் தண்ணீர் அங்கேயும் தேடி வந்தது. பட்டா இல்லாதவர் கட்டினால் ஆக்கிரமிப்பு. அரசாணையோடு கட்டினால் திட்டம். இரண்டுக்கும் வித்தியாசம் தண்ணீருக்குத் தெரியாது.

வாங்குபவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மனை பார்க்க நாம் சித்திரையில் போகிறோம்; ஐப்பசியில் போவதில்லை. ஆனால் அந்தப் பங்கு சிறியது. வாழ்நாள் சேமிப்போடு வரும் ஒருவரால் பழைய புல வரைபடத்தைத் தேடிப்பிடித்து, மட்டம் அளந்து, நீரோட்டம் பார்க்க முடியாது. அந்த வரைபடம் யார் அலமாரியில் இருக்கிறதோ, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்ததோ, பெரும்பங்கு அவருடையது. அதனால்தான் வெள்ளத் தடையின்மைச் சான்றில் துறையின் முத்திரையோடு, அனுமதித்தவரின் பெயரும் காரணமும் யாரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறேன். 2015இல் அந்தப் புல எண்ணில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது கிரையப் பத்திரத்திலேயே ஒரு வரியாக ஏற வேண்டும். அந்த வரி இருந்தால் விலை இறங்கும். பல மனைப்பிரிவுகள் விற்காமலே போகும். அது ஏறாமல் இருப்பதற்குக் காரணமும் அதுவே.

நான் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மா கேட்டருகே வந்து, எழும்பிய சுவரையும் தன் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்ப்பா, இவங்க வீட்டுக்குள்ள போன தண்ணியெல்லாம் இனிமே எங்க வீட்டுக்குத்தானே வரும்?”

மேஸ்திரி விசிலை வாயிலிருந்து எடுத்தார். “அதுக்கென்னக்கா, உங்க வீட்டையும் தூக்கிடலாம். சதுர அடிக் கணக்குதான்.”

(தொடரும்)