ஒரு லட்சம் பேர் கேட்கும் ஒரே கேள்வி

கிரிக்கெட் ஆட்டத்தின்போது லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஸ்கோர் பார்க்கிறார்களே, அந்தப் பக்கம் ஏன் திணறுவதில்லை என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார். கணினி ஆசிரியர் மட்டுமல்ல, கணக்கு ஆசிரியரும் வகுப்பில் எடுத்துக்கொள்ளத்தக்க கேள்வி இது.

எங்கள் ஊரைக் கொண்டே விளக்கினேன். நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமைதோறும் மஞ்சள் ஏலம். விரலி என்ன விலை, உருண்டை என்ன விலை என்று ஒவ்வொருவரும் எழுத்தரிடம் தனித்தனியே கேட்டால் அவரால் கணக்கு எழுதவே முடியாது. விலையைப் பலகையில் ஒருமுறை எழுதி வைத்தால் எத்தனை பேர் பார்த்தாலும் அவருக்கு வேலை ஒன்றே.

இணையத்தில் அந்த எழுத்தர் தரவுத்தளம். பலகையின் பெயர் கேச். ஒரு லட்சம் பேர் 10 விநாடிக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்தால் விநாடிக்கு 10,000 கோரிக்கைகள் வரும். விடையை 5 விநாடிகள் கேச்சில் வைத்திருந்தால், அந்நேரத்தில் வரும் 50,000 கோரிக்கைகளில் ஒன்று மட்டும் தரவுத்தளத்துக்குச் செல்லும். 5 விநாடிப் பழைய ஸ்கோர் கூடாது என்கிறீர்களா? ஒரு விநாடி மட்டும் வையுங்கள். அப்போதும் தரவுத்தளத்தின் சுமை விநாடிக்குப் பத்தாயிரத்திலிருந்து ஒன்றாகக் குறைகிறது. மாணவர்கள் வியந்தது இந்த இடத்தில்தான்.

அனுப்பும் அளவையும் குறைக்கலாம். படங்களும் தலைப்புகளும் மாறுவதில்லை. மாறுவது சில எண்களே. அவற்றை மட்டும் தனியே அனுப்பினால் போதும். உலாவி, தன்னிடமுள்ள பதிப்பின் அடையாளத்தைச் சொல்லி, மாறியிருக்கிறதா என்றும் கேட்கலாம். மாறவில்லையெனில் சேவையகம் 304 என்ற குறியீட்டை மட்டும் திருப்பி அனுப்பும். பக்கத்தை மீண்டும் அனுப்பாது. (404 எல்லோருக்கும் தெரியும். 304 ஓசையின்றி வேலை செய்வதால் யாருக்கும் தெரிவதில்லை.)

ஆனால் பலகையை அழித்து எழுதும் அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கும்? 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் மறைந்தபோது விக்கிப்பீடியா இதில் சிக்கியது. அவரைப் பற்றிய கட்டுரையைப் பெருங்கூட்டம் திறந்தது. அதே வேளையில் பலர் அதைத் திருத்திக்கொண்டும் இருந்தனர். ஒவ்வொரு திருத்தமும் கேச்சில் இருந்த நகலைச் செல்லாததாக்கியது. புதிய நகல் உருவாகும் முன்பே வந்து சேர்ந்த கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்காகவும் சேவையகங்கள் அதே பக்கத்தைத் தனித்தனியே உருவாக்க முயன்று திணறின. பின்னர் 'பூல்கவுண்டர்' என்னும் ஏற்பாடு வந்தது. ஒரு பக்கத்தை ஒரே நேரத்தில் உருவாக்கும் பணிகளின் எண்ணிக்கைக்கு அது வரம்பு வைத்தது. மற்றவை காத்திருந்து அந்த விடையையே பெறும், அல்லது பழைய நகலைக் காட்டும்.

பொதுத்தேர்வு முடிவு இதைவிட எளிது என்பேன். கூட்டம் பெரிது, ஆனால் வெளியான பின் மதிப்பெண் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. முன்கூட்டியே ஆயத்தம் செய்யலாம். குறுஞ்செய்தியிலும் அனுப்பிக் கூட்டத்தைப் பிரிக்கலாம். ரயிலில் மிஞ்சியிருக்கும் ஒரே இருக்கை வேறு வகை. எத்தனை இருக்கை உள்ளது என்று காட்டுவதற்குக் கேச் போதும்; அதை ஒருவருக்கு ஒதுக்கும் நொடியில் எழுத்தரிடமே போய்க் கேட்டாக வேண்டும்.