சிலந்தி ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை பத்தியைத் தங்குதடையில்லாமல் வாசித்துவிடுகிறது, கீழே உள்ள கேள்விக்கு வந்ததும் பேந்தப் பேந்த விழிக்கிறது, இதற்கென்றே விற்கிற பயிற்சிச் செயலி ஒன்றை வாங்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வவ்வால், பென்குயின், ஒட்டகம் என்று விலங்குகளைப் பற்றிய அறிவியல் பத்திகளில்தான் சறுக்கல் அதிகமாம். விலங்குகள் என்றால் பிள்ளைக்குக் கொள்ளை ஆசை, அப்படியிருந்தும் ஏன் என்பது அவருடைய புதிர். இந்த வகைச் செயலிகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சில வாரங்களில் புரிதல் திறன் இரட்டிப்பாகும், செயற்கை நுண்ணறிவு பிள்ளையின் நிலையைக் கணித்துப் பத்தி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் என்பார்கள். எதன் இரட்டிப்பு, எதைக் கொண்டு அளந்தார்கள் என்று தேடினால் கிடைக்காது. விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், விற்பதாகச் சொல்லும் சரக்கு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்போம். எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் வேலை செய்கிற ‘புரிதல் திறன்’ என்று தனிச் சரக்கு பெரும்பாலும் கிடையாது என்பதே என் கட்சி. சிலந்தியைப் பற்றிய பத்தி புரிய வேண்டுமானால் சிலந்தியைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். கேட்பதற்கு அபத்தமாக இருக்கும். தெரிந்தால் பிறகு எதற்கு வாசிப்பது?

நாலே வாக்கியத்தில் ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். “வலையின் நடுவே சிலந்தி காத்திருந்தது. காற்றில் வலை ஆடியது, சிலந்தி அசையவில்லை. வலையோரத்தில் ஓர் ஈ சிக்கியது. சிலந்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆர இழை வழியாக அந்த இடத்துக்கு ஓடியது.” இதில் கடினமான சொல் என்று பார்த்தால் ‘ஆர இழை’ ஒன்றுதான். மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளைப் போல நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் நூல் அது. ஆனால் நாலு வாக்கியத்துக்கும் நடுவே எழுதாமல் விட்டது எவ்வளவு என்று பாருங்கள். வலை பின்னும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் எட்டு இருந்தாலும் பார்வை மந்தம். தலையும் மார்பும் ஒன்றாகிப் போன உடம்பு, திருப்புவதற்குக் கழுத்தே கிடையாது. அது நம்பியிருப்பது கால்களைத்தான். கால் மூட்டுகளை ஒட்டி, மேலோட்டில் நகத்தால் கீறியதுபோல் நுண்ணிய பிளவுகள் உண்டு. வலை அதிரும்போது அந்தப் பிளவுகள் துளி நசுங்குகின்றன, அதுவே சிலந்திக்குச் செய்தி. காற்று ஆட்டுவது மெதுவான அசைவு. ஈ சிறகடிப்பது விரைவான அதிர்வு. மத்திய அமெரிக்கக் காட்டுச் சிலந்தி ஒன்றின் காலில், மெதுவான அசைவை உறிஞ்சிக்கொண்டு விரைவான அதிர்வை மட்டும் மேலே விடுகிற மெத்தை போன்ற பகுதியையே கண்டுபிடித்திருக்கிறார்கள். வலையில் சுற்றிச் சுற்றிப் போகும் சுருள் இழையில் பசைத்துளிகள், ஆர இழையில் பசை இல்லை. ஆகவே ஓடுவதற்கு அந்த வழி.

இத்தனையும் தெரிந்த பிள்ளைக்கு அந்த நாலு வாக்கியம் ஒரே காட்சி. தெரியாத பிள்ளைக்கு அவை ஒன்றையொன்று தொடாத நாலு செய்திகள். இப்போது கேள்விக்கு வருவோம். “ஈ எங்கே சிக்கியது?” என்று கேட்டால் இரண்டு பிள்ளைகளும் ‘வலையோரத்தில்’ என்று எழுதி மார்க் வாங்கிவிடும். “காற்றடித்தபோது சிலந்தி ஏன் ஓடவில்லை?” என்று கேட்டால்தான் வேஷம் கலையும். நம் தேர்வுத்தாள்களில் வரும் பத்திக் கேள்விகளில் மிகப் பல முதல் ரகம். அந்த ரகம் எதை அளக்கிறது என்பதற்கு ஒரு சோதனை: “தொம்புளி தன் கிளாவலை நொச்சத்தின் ஓரத்தில் பதுக்கியது. தொம்புளி கிளாவலை எங்கே பதுக்கியது?” நொச்சத்தின் ஓரத்தில். முழு மார்க். தொம்புளி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதை எடுத்தெழுதும் வேலைக்குப் புரிதல் என்று பெயர் வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு, தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஏறத்தாழ ஒலித்துவிடலாம். சத்தமாக, அழகாக வாசிக்கிற பிள்ளைக்குப் புரியவில்லை என்பது வெளியே தெரியவே நாளாகும்.

வாசிக்கும்போது தலைக்குள் நடப்பதை அமெரிக்க உளவியலாளர் வால்டர் கின்ட்ஷ் 1988இல் ஒரு மாதிரியாக வகுத்தார். எனக்கு இதில் பிடித்தது, மூளையை அவர் புத்திசாலியாகக் காட்டவில்லை என்பதுதான். ஒவ்வொரு சொல்லும் உள்ளே நுழைந்ததும் தன்னோடு தொடர்புள்ள அத்தனையையும் கண்மண் தெரியாமல் எழுப்பிவிடுகிறது. வலை என்றதும் மீன்வலை, கொசுவலை, ஒட்டடை எல்லாம் எழும். ஈ என்றதும் சிறகு, இரைச்சல், பழக்கடை. எது பொருந்தும், எது பொருந்தாது என்ற கவலை முதல் கட்டத்தில் கிடையாது. இரண்டாம் கட்டத்தில் ஒன்றுக்கொன்று ஆதரவாக நிற்பவை பலம் பெறுகின்றன. துணையில்லாதவை தாமாக அடங்குகின்றன. ஒட்டடை நிற்கிறது, கொசுவலை அடங்குகிறது. ‘சிறகடிப்பு’, ‘அதிர்வு’, ‘கால்’ மூன்றும் கைகோத்துக்கொண்டால், எழுதாத வாக்கியம் ஒன்று தானே முளைக்கிறது: சிலந்தி காலால் உணர்ந்தது. வாசகர் யோசித்துக் கண்டுபிடித்ததாக நினைக்கும் பல விஷயங்கள் இப்படி யோசிக்காமலே வந்தவை. ஆனால் ‘அதிர்வு’ என்ற துண்டு நினைவில் முன்பே இல்லாவிட்டால் எழுப்புவதற்கு ஆளில்லை. இரண்டாம் கட்டம் எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும், முதல் கட்டத்தில் வராதவரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கோலத்தோடு ஒப்பிட்டால் இது சட்டென்று பிடிபடும். எழுதுகிறவர் வைப்பது புள்ளிகளை. கோடு இழுப்பவர் வாசகர். நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும் கைக்கு எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்று யாரும் சொல்ல வேண்டாம். கோலமே போட்டறியாதவருக்கு வாசலில் மாவு சிந்திக் கிடக்கிறது, அவ்வளவுதான். அவரைப் பார்த்து “நன்றாக உற்றுப் பார், மையப் புள்ளியைக் கண்டுபிடி, பிறகு முடிவுக்கு வா” என்று சொல்வது போலத்தான் இருக்கிறது, பயிற்சித்தாள்களின் ‘மையக் கருத்தைக் கண்டுபிடி’. புள்ளியை மிக நெருக்கமாக வைத்துவிட்டால் கோடு இழுக்கவே தேவையில்லை, கோலமும் இராது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமலே சுற்றிப் போகும். நல்ல கட்டுரையும் சில நேரம் அப்படித்தான். இதற்கு மேல் இந்த உவமையை இழுத்தால் மாவு தீர்ந்துவிடும்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: 1932இல் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட், படித்த கதையை மனிதர்கள் தமக்குத் தெரிந்த உலகத்துக்கு ஏற்றபடி மாற்றித்தான் நினைவில் வைக்கிறார்கள் என்று காட்டினார். 1972இல் பிரான்ஸ்ஃபர்ட், ஜான்சன் என்ற உளவியலாளர்கள், துணி துவைப்பதைப் பற்றிய பத்தி ஒன்றை அது எதைப் பற்றியது என்று சொல்லாமல் வாசித்துக் காட்டிக் கேட்டவர்களைத் திணறடித்தார்கள். தலைப்பை முன்கூட்டியே சொன்னபோது அதே பத்தி எளிதாகிவிட்டது. ஆக, விஷயம் புதிதில்லை, விளம்பரம்தான் புதிது.

நம் வாதத்துக்கு நேரடிச் சான்று 1979இல் வந்தது, அதுவும் சிலந்தியைக் கொண்டே. பியர்சன், ஹான்சன், கோர்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேரை எடுத்துக்கொண்டார்கள். வாசிப்புத் தரத்தில் எல்லோரும் ஏறத்தாழச் சமம். பத்துப் பேருக்குச் சிலந்தியைப் பற்றி நன்றாகத் தெரியும், பத்துப் பேருக்குத் தெரியாது. சிலந்திப் பத்தியைப் படித்தபின், எழுதியிருந்ததைக் கேட்ட கேள்விகளில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எழுதாததை ஊகிக்கச் சொன்ன கேள்விகளில் தெரிந்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். இருபதே பிள்ளைகளை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பெழுதக் கூடாதுதான். ஆனால் 1988இல் ரெக்டும் லெஸ்லியும் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தபோது, வாசிப்பில் மட்டமானவர்கள் என்று பேரெடுத்தவர்களில் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசகர்களை’ மிஞ்சினார்கள். 2019இல் மேல்வகுப்பு மாணவர்கள் 3,534 பேரைச் சூழலியல் பற்றிச் சோதித்த ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. முன்னறிவுத் தேர்வில் ஏறக்குறைய 59 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவர்களிடம், தெரிந்ததற்கும் புரிந்ததற்கும் தொடர்பு சொற்பம். அந்த வரம்பைத் தாண்டியபின், தெரியத் தெரியப் புரிதல் விறுவிறுவென ஏறியது. இந்தக் குறிப்பிட்ட எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம், வேறு பாடத்தில் வேறாக இருக்கலாம். இப்படியொரு வாசற்படி இருப்பதுதான் முக்கியம். அதற்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு மேலும் ஒரு பத்தி கொடுத்து, மேலும் ஐந்து கேள்வி கேட்பதில் பயனில்லை.

எளிமையாக எழுதிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். பாதி தீரும். டேனியெல் மெக்நமாராவும் கின்ட்ஷும் பிறரும் 1996இல் பாலூட்டிகளைப் பற்றிய பாடத்தை நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விளக்கமும் தொடர்ச்சியும் உள்ள வடிவமே நன்றாகப் பதிந்தது. அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், இதய நோயைப் பற்றிய பாடத்தில், விஷயம் அறிந்த மாணவர்களுக்கு மட்டும் நிலைமை தலைகீழானது. இடைவெளி விட்டு எழுதிய வடிவத்தைப் படித்தபோதுதான் அவர்களுக்கு ஆழமான புரிதல் வந்தது. இடைவெளியை அவர்களே நிரப்ப வேண்டியிருந்ததே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆகவே ‘எல்லோருக்கும் ஏற்ற எளிய பத்தி’ என்று ஒன்று கிடையாது.

வலுவான மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வாசிக்கும் உத்திகளைக் கற்றுத் தந்தால் பலன் உண்டு என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிக்கையே தந்ததே? உண்மை. வாசித்ததைச் சுருக்கிச் சொல்வது, தனக்குத் தானே கேள்வி கேட்டுக்கொள்வது எல்லாம் உதவுகின்றன. ஆனால் உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் சுட்டிக்காட்டும் ஒன்றை விளம்பரக்காரர்கள் சொல்லமாட்டார்கள்: இந்தப் பயிற்சியைச் சில அமர்வுகளில் கொடுத்தாலும் பல மடங்கு நீட்டிக் கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ அதே அளவுதான். நாள்தோறும் செய்யச் செய்ய வளரும் தசை இல்லை அது. ‘வாசித்தது புரிகிறதா என்று நடுவில் நின்று பார்’ என்ற வழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போதும், ஆண்டுச் சந்தா தேவையில்லை. இன்னொரு மறுப்பு, தெரியாததைக் கூகுளில் பார்த்துக்கொள்ளலாமே என்பது. ஹூ, நேஷன் இருவரும் 2000இல் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களிடம் செய்த சோதனையில், துணையின்றிப் புரிந்து படிக்க நூற்றில் 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டியிருந்தது. 80 சொற்களே தெரிந்த நிலையில் ஒருவருக்கும் போதிய அளவு புரியவில்லை. ஐந்து சொல்லுக்கு ஒருமுறை தேடப் போகிற பிள்ளை திரும்பி வரும்போது சிலந்தி எங்கே இருந்தது என்பதே மறந்திருக்கும். எதைத் தேட வேண்டும் என்று தெரியவும் முன்னறிவு வேண்டும். காற்றுக்கும் ஈக்கும் நடுவில் ஒரு கேள்வி ஒளிந்திருப்பதே தெரியாதவர் எதைத் தட்டச்சு செய்வார்?

தெரிந்தது தப்பாக இருந்தால்? இது மெய்யான சிக்கல். பாம்பு பால் குடிக்கும் என்று நம்பும் பிள்ளைக்கு ‘பாம்புகள் எலி, தவளை முதலியவற்றை உண்ணும்’ என்ற வாக்கியம் எந்த உறுத்தலையும் தராது. பாலையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு மேலே போய்விடும். இதற்குப் பயன் கண்ட வழி, தப்பை நேருக்கு நேர் பேரைச் சொல்லி மறுத்து, காரணத்தையும் உடனே எழுதுவது. பால் பாம்பின் உணவில்லை, தாகத்தில் தவிக்கவிட்ட பாம்பு கிடைத்த திரவத்தைக் குடிக்கிறது என்று பத்தியே சொல்ல வேண்டும். சரியானதை மட்டும் நாசூக்காகச் சொல்லிவிட்டு நகரும் பாடப்புத்தக நடை இந்த இடத்தில் உதவாது.

சரி, என்ன செய்யலாம்? 2016இல் செர்வெட்டியும் உடன் ஆய்வாளர்களும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்குப் பறவைகளைப் பற்றியே தொடர்ந்து கட்டுரைகள் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குத் தொடர்பில்லாத பல தலைப்புகள். பிறகு இரு குழுவுக்கும் பறவைகளைப் பற்றிப் புதிய பத்தி ஒன்று. தொடர்ந்து படித்தவர்களே புதியதையும் நன்றாக நினைவில் வைத்தார்கள். இதுவும் சிறிய ஆய்வு. பறவை படித்தவர் எரிமலைப் பத்தியிலும் வெல்வார் என்று இது சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனாலும் திங்கள் பென்குயின், செவ்வாய் எரிமலை, புதன் காந்தி என்று தாவும் பயிற்சித்தாளைவிட, மூன்று வாரம் சிலந்தியிலேயே கிடப்பது நல்லது என்று தைரியமாகச் சொல்லலாம். கேள்வி கேட்ட வாசகருக்கு என் பதில்: செயலி வேண்டாம். ‘துளிர்’ போன்ற சிறுவர் அறிவியல் இதழ்களின் பழைய பிரதிகளிலும் பள்ளி நூலகத்திலும் ஒரே உயிரினத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறினால் மட்டும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அங்கே முன்னறிவு உதவிக்கு வராது.

கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 15 வயது மாணவர்களுக்கான பீசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் கடைசிப் பக்கம் நின்றன. கேள்விகள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்று அப்போது சமாதானம் சொன்னோம். வரிகளுக்கிடையே படிக்கச் சொல்லும் கேள்வி அந்நியமாகவே இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த பருவத் தேர்வில் விலங்குப் பத்திக்குக் கீழே ‘எங்கே’, ‘எது’, ‘எத்தனை’ என்று மூன்று கேள்வி போடும் இடத்தில் ஒன்றையாவது எடுத்துவிட்டு, பாடத்தில் நடத்தியதை வைத்துப் பதில் சொல்லக்கூடிய ஒரு ‘ஏன்’ கேள்வியைப் போடுங்கள். அதற்கு மார்க்கும் கூடுதலாகக் கொடுங்கள்.