சந்தைக்கு எதை எடுத்துச் செல்வது?
பஞ்சு வைத்துத் தைத்த பொருள்களைத் தெரிந்தெடுக்கும் முறை

கைவினைச் சந்தைகளிலும் பொருட்காட்சிகளிலும் கடை வைத்து விற்பதனால் நெசவாளர் சங்கங்களுக்குப் பெரியதொரு நன்மை உண்டு. இடைத்தரகர் எவருமின்றி வாங்குவோரை நேரில் காணலாம். அவர்களுடைய விருப்பு வெறுப்புகளை அறிந்துகொள்ளலாம். வேட்டி, புடைவை, படுக்கை விரிப்பு ஆகியவற்றுடன், தறித் துணியில் எஞ்சிய துண்டுகளைக் கொண்டு பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய், மேசை விரிப்பு, பை முதலியவற்றையும் விற்பனைக்கு வைக்க எண்ணும் சங்கங்கள், முதலில் ஒன்றை ஆராய வேண்டும். தைத்தவருக்குரிய கூலி அவர் கைக்கு வந்து சேருமா என்பது சந்தையில் பேரம் பேசும்பொழுது தீர்மானிக்கப்படுவதன்று. எப்பொருளை எடுத்துச் செல்வது என்று நாம் முடிவு செய்யும் நாளிலேயே அது தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இத்தெரிவு மிகுந்த கவனத்திற்கு உரியது.

பொருளின் அமைப்பு

மேல் துணி, அடித் துணி, இரண்டிற்கும் நடுவே பரப்பிய பஞ்சுப் படலம் ஆகிய மூன்றையும் ஊடுருவித் தையலிடுவதே இவ்வேலையின் சாரம். தையல் அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கித் திரண்டுவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுவே. தையல் வரிகள் மிகவும் விலகியிருந்தால் இரண்டு சலவைக்குள் பஞ்சு கட்டி கட்டியாகிவிடும்.

பஞ்சின் வகையும் கவனிக்கத்தக்கது. இலவம் பஞ்சு தலையணைக்கு ஏற்றது. ஆனால் அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பற்றி நில்லாது, சலவையையும் தாங்காது. ஆதலின் மெல்லிய ரஜாய்க்கு அது உதவாது. பருத்திப் பஞ்சே இதற்குத் தக்கது. நயமான நூல் நூற்கப் பயன்படாத குட்டை இழைப் பஞ்சும் இவ்வேலைக்கு உதவும் என்பதைப் பருத்தி பயிரிடும் அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடக்க விலைக் கணக்கு

ஓர் உதாரணம் கொள்வோம். இருவர் படுக்கும் கட்டிலுக்குரிய ரஜாய் ஒன்றைக் கையால் தைக்க 70 மணி நேரம் ஆவதாகவும், கூலி மணிக்கு 60 ரூபாய் எனவும் வைத்துக்கொண்டால், கூலி மட்டும் 4,200 ரூபாய். துணி, பஞ்சு, நூல் ஆகியவற்றிற்கு 1,300 ரூபாய். கடை வாடகை, வண்டிச் செலவு ஆகியவற்றில் இதன் பங்கு 550 ரூபாய். ஆக அடக்க விலை 6,050 ரூபாய்.

சந்தையின் கடைசி நாள் மாலையில், 'திரும்பச் சுமந்து செல்வானேன்?' என்று எண்ணி இதனை 3,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டால் விளைவு யாது? துணிக்கும் பஞ்சுக்கும் உரிய 1,300 ரூபாய் முன்னரே செலவாகிவிட்டது. சந்தைச் செலவும் குறையாது. குறைவது ஒன்றே: தைத்தவருடைய கூலி. எஞ்சும் 1,650 ரூபாயை 70 மணிக்குப் பங்கிட்டால், மணிக்கு 24 ரூபாய்கூடத் தேறாது. பதிவேட்டில் 3,500 ரூபாய் விற்பனை என்று காணப்படும். ஆனால் நஷ்டம் முழுவதும் ஓர் அங்கத்தினரின் தலையில் விழுந்திருக்கும்.

இனி, சூடான பாத்திரத்தை இறக்குவதற்குரிய பிடிதுணி ஒரு ஜோடியைப் பார்ப்போம். வேலை ஒரு மணி நேரம். கூலி 60 ரூபாய். துண்டுத் துணிக்கும் பஞ்சுக்கும் 20 ரூபாய். சந்தைச் செலவு 10 ரூபாய். அடக்க விலை 90 ரூபாய். இதனை 100 ரூபாய்க்கு விற்றால் கூலியும் முழுமையாகக் கிடைக்கும். சங்கத்திற்கும் 10 ரூபாய் மிஞ்சும். வாங்குவோரும் 100 ரூபாய் கொடுக்க அதிகம் தயங்கமாட்டார்கள்.

இக்கணக்கிலுள்ள தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறை மாறாது. பொருள் ஒவ்வொன்றையும் தைக்கும்பொழுதே வேலை நேரத்தைக் குறித்து வைப்பது இதற்கு அவசியம்.

அலபாமாவில் கிடைத்த அனுபவம்

இது சம்பந்தமாக அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று நம்மவருக்குப் படிப்பினையாகும். அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் பிரதேசம் பருத்தி விளையும் பூமி. அங்கே வாழ்ந்த கறுப்பின ஏழைக் குடியானவர்களிற் பலர், 1960களில் வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட காரணத்தினால் உழுத நிலத்தையும் குடியிருந்த வீட்டையும் இழந்தனர். அவர்கள் வீட்டுப் பெண்கள் பழந்துணிகளை இணைத்து ரஜாய் தைப்பதில் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள். பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார், கொடியில் தொங்கிய ரஜாய்களைக் கண்டு, ஒன்றுக்கு 10 டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க் நகரில் ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தார். இம்முயற்சியைத் தொடர்ந்து 1966ஆம் ஆண்டில் அப்பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். 'சுதந்திரத் தையற் கூட்டம்' என்று இதனைத் தமிழில் கூறலாம்.

பெருநகரக் கடைகள் அவர்களுடைய சரக்கை வாங்க முன்வந்தன. ஆனால் அளவும் மாதிரியும் தையலும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று கேட்டன. 1972ஆம் ஆண்டில் சியர்ஸ் என்ற பெரிய வியாபார நிறுவனத்திற்குக் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. சிறிய உறைதான், ஒரே மாதிரியான வேலைதான். எனினும் அப்பெண்களுக்கு நிலையான வேலையை அளித்தது அதுவே. மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை அவர்கள் வீட்டிற்குக் கொண்டுபோய்த் தம் மனத்திற்குகந்த வடிவங்களில் ரஜாய் தைத்தனர். அப்பகுதியைச் சேர்ந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர்ப் பெண்களின் ரஜாய்கள் 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கம் 2012ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவன இரண்டு. அன்றாடக் கூலியைத் தருவது, பலருக்கும் பயன்படும் சீரான சிறு பொருள். புகழைத் தருவது, தையற்காரரின் சொந்தக் கற்பனையில் பிறந்த பெரிய பொருள். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்றினிடம் எதிர்பார்த்தல் கூடாது.

மூவகைச் சரக்கு

ஆகவே சந்தைக்குக் கொண்டு செல்லும் சரக்கை மூன்றாக வகுத்துக்கொள்வது நலம்.

முதலாவது, பார்வைச் சரக்கு. கடையின் பின்புறம் தொங்கவிட ஒன்றிரண்டு ரஜாய்கள் போதும். வழிச்செல்வோரை நின்று பார்க்கச் செய்வது இவற்றின் வேலை. முழு விலைக்கு விற்றால் நல்லது. இல்லையேல் அடுத்த சந்தைக்கும் உதவும். ஒருக்காலும் விலையைக் குறைத்துத் தள்ளலாகாது. சமவெளி ஊர்களில் கனத்த ரஜாய்க்குத் தேவை குறைவு. உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் அதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது, நடுத்தரச் சரக்கு. தோள் பை, திண்டு உறை, மேசை விரிப்பு, குழந்தையைத் தரையில் கிடத்தும் விரிப்பு முதலியன. பரிசளிக்க வாங்குவோர் இவற்றையே பெரிதும் நாடுவர். ஒரே வடிவத்தில் மூன்று நான்கு நிறங்கள் இருந்தால் போதும். பத்து விதமான வடிவங்களைப் பரப்பினால் வாங்க வந்தவர் திகைத்துப் போவார்.

மூன்றாவது, சிறு சரக்கு. பிடிதுணி, கண்ணாடி உறை, சில்லறைப் பை போன்றவை. எண்ணிக்கையில் இவையே மிகுதியாக இருக்க வேண்டும். சந்தைச் செலவின் பெரும்பகுதியை இவற்றின் விற்பனையைக் கொண்டே ஈடு செய்யத் திட்டமிடுவது பத்திரமானது.

புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. தைப்பதற்கு முன் துணியை நனைத்து உலர்த்த வேண்டும். கைத்தறிப் பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கும். மேல் துணியும் அடித் துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் பொருள் கோணலாகிவிடும்.

2. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டினால், அத்துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்கக் கூடாது.

3. பிடிதுணியில் துணி, பஞ்சு, நூல் யாவும் பருத்தியாகவே இருத்தல் வேண்டும். பாலியெஸ்டர் பஞ்சு மிகுந்த சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும்.

4. குழந்தைகளுக்குரிய பொருளில் பொத்தான், மணி, சமிக்கி வேண்டா. பிய்ந்தால் வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும்பொழுது ரஜாயைப் போர்த்துதல் மூச்சுத் திணறலுக்கு இடமாகும். ஆகவே அதனைத் தரைவிரிப்பாகவே விற்பதும், வாங்குவோரிடம் இதனைச் சொல்லுவதும் நம் கடமை.

5. ஒவ்வொரு பொருளிலும் விலை, பஞ்சின் வகை, சலவை செய்யும் முறை ஆகியவற்றை எழுதிய சீட்டு இருக்க வேண்டும். விலை எழுதப்படாத பொருள் பேரத்தை வலிய அழைக்கிறது.

சந்தை முடிந்த பின்னர், எவ்வகையில் எத்தனை விற்றன, எவை திரும்பின, எதனைக் கேட்டு இல்லையென்று எத்தனை பேர் சென்றனர் என்பவற்றை எழுதிச் சங்கக் கூட்டத்தில் வாசித்தல் வேண்டும். அடுத்த சந்தைக்குரிய தெரிவு அக்குறிப்பிலிருந்தே தொடங்கும். விற்ற தொகையை மட்டும் கூறி மகிழ்வது போதாது. தைத்த ஒவ்வொருவருக்கும் மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கையும் அக்கூட்டத்திலேயே வைக்க வேண்டும். அங்கத்தினர்கள் அதனைக் கேட்டுப் பெறுவது அவர்களுடைய உரிமையாகும்.