விமானம் வியாழக்கிழமை, சம்பளம் எப்போது?

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. சாப்பாட்டு மேசை முழுக்க மூன்று வருடச் சம்பளச் சீட்டுகள், மாத வாரியாக அடுக்கி, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஓர் எவர்சில்வர் டம்ளர். சன்னலுக்கு வெளியே கெக் லோக் சி கோயில் விளக்குகள். டீச்சருக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட மனமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். தீவில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். நோட்டீஸ் காலம் முடிந்து, ஒப்பந்தம் முடிந்து, வியாழக்கிழமை இரவு ஊருக்கு விமானம். நான் போய் உட்கார்ந்தது திங்கட்கிழமை மாலை.

“வரி கிளியரன்ஸ் வந்ததும் போட்டுடுறோம்னு சொல்றாங்கக்கா. நான் ஊருக்குப் போயிட்டா அப்புறம் யாரைப் போய்க் கேக்குறது?”

கணக்கு டீச்சர் அல்லவா, தொகையைத் தாளில் தெளிவாக எழுதி வைத்திருந்தார். கடைசி மாதச் சம்பளம் 5,200 மலேசிய வெள்ளி. எடுக்காத விடுப்பு 11 நாள். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 200, ஆக 2,200. ஒப்பந்தப்படி வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை, மூன்று வருடத்துக்கு 15,600. மொத்தம் 23,000 வெள்ளி. ஊரில் தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்.

மலேசியச் சட்டம் இந்த விஷயத்தில் வளவளவென்று பேசவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, முறைப்படி முடியும் வேலைக்கான சம்பளத்தை வேலை முடியும் அந்த நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தொழிலாளி நோட்டீஸ் கொடுக்காமல் விலகியிருந்தால்கூட மூன்றாம் நாளுக்குள். முன்பு இந்தச் சட்டம் குறைந்த சம்பளக்காரர்களுக்கும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும்தான் என்றிருந்தது. 2023 ஜனவரி 1 முதல் வேலை ஒப்பந்தம் உள்ள எல்லாருக்கும் பொருந்தும். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு மிகைநேரப் படி போன்ற சில உரிமைகள் இல்லை, அவ்வளவுதான். சம்பளத்தைக் காலத்தில் தரும் கடமைக்கு அந்த வரம்பு கிடையாது. கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்றும் அந்தப் பிரிவு கேட்பதில்லை.

அப்படியானால் பள்ளி நிர்வாகம் சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை, சிக்கலே அங்கேதான். வெளிநாட்டு ஊழியர் நாட்டை விட்டுப் போகிறார் என்றால், குறைந்தது 30 நாளுக்கு முன்பே முதலாளி வருமான வரி வாரியத்துக்கு சிபி 21 படிவம் அனுப்பியாக வேண்டும். அனுப்பிய பிறகு, அவருக்குத் தரவேண்டிய பணத்தை வரித் தீர்வுக் கடிதம் வரும் வரையோ படிவம் வாரியத்துக்குக் கிடைத்து 90 நாள் ஆகும் வரையோ பிடித்து வைக்க வேண்டும். பிடிக்காமல் கொடுத்துவிட்டால், அவர் வைத்துவிட்டுப் போகும் வரிப் பாக்கி முதலாளி தலையில் விழும். ஆக, கொஞ்ச காலம் பணத்தை நிறுத்தி வைப்பது சட்டம் சொல்லும் காரியமே.

ஆனால் படிவம் போனால்தான் நாள் எண்ணத் தொடங்கும். டீச்சர் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. “சிபி 21 நகல் ஒன்று கொடுங்கள்” என்று மூன்று முறை மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. அனுப்பாத படிவத்துக்கு எந்தக் கிளியரன்ஸ் வரும்? தன் கடமையைச் செய்யாதவர் அதே கடமையைச் சாக்காக்கிப் பணத்தை வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சம்பளச் சீட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஊழியர் சேமநிதி 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து கட்டாயம்: ஊழியர் பங்கு 2 விழுக்காடு, முதலாளி பங்கு 2 விழுக்காடு. டீச்சரின் சீட்டில் ஏழு மாதமாக 104 வெள்ளி பிடித்தம் அழகாக அச்சாகியிருக்கிறது. கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்தால் மூன்று மாதப் பணம்தான் இருக்கிறது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம், நான்கு மாதமாகக் காணோம். அவருடையது 416, நிர்வாகம் போட வேண்டியது 416. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஊழியர் சம்பளத்தில் பிடித்த பங்கைக் கட்டாமல் விட்டால் 6 வருடம் வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். நிறுவனம் கட்டாத சேமநிதிப் பாக்கிக்கு இயக்குநர்களும் சேர்ந்தே பொறுப்பு. நாட்டை விட்டுப் போகும்போது வெளிநாட்டுக்காரர் இந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் ஏறியிருந்தால்தானே எடுக்க!

இவ்வளவு சட்டம் இருந்தும் டீச்சர் ஏன் அழுகிறார்? நாள் கணக்கு அவர் பக்கம் இல்லை. வேலை பெர்மிட் அந்த ஒரு பள்ளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் பெர்மிட்டும் அதிக நாள் நிற்காது, பெர்மிட் போனால் நாட்டில் இருக்க முடியாது. குடிநுழைவு இலாகா ஸ்பெஷல் பாஸ் கொடுத்தாலும் அதை வைத்து வேலை பார்க்க முடியாது. வாடகையும் சோறும் கைக்காசு. ஊருக்குப் போய்விட்டால், விசாரணைக்கு வந்து போகும் செலவே பாக்கியில் பாதியைத் தின்றுவிடும். நிர்வாகத்துக்கு இது நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை வரை இழுத்தால் போதும்.

தென்கொரியாவுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களிடமும் இதே புலம்பலைக் கேட்கலாம். அங்கே வேலை முடிந்த 14 நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். ஒரு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பள அளவில் பணிக்கொடை உண்டு. அதனால்தான் பதினோராம் மாதத்தில் வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்பது அங்கே பழைய புகார்.

சொந்த ஊரிலும் ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை சும்மா கிடைத்துவிடவில்லை. பணிக்கொடைச் சட்டம் அப்போது சொன்ன ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்காடி 2022 ஆகஸ்டில் தோற்றன. மலேசியாவுக்கும் கடல் தாண்டி வந்த தமிழாசிரியர்கள் புதியவர்கள் இல்லை. சேமநிதி பிறந்தது 1951இல்தான். அதற்கு முன் வந்தவர்களில் எத்தனை பேர் வெறுங்கையோடு கப்பலேறினார்களோ.

செவ்வாய் காலை தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம். வக்கீல் தேவையில்லை. அதே வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி அங்கேயே விசாரித்து, பணத்தைக் கொடு என்று உத்தரவிட அதிகாரம் இருக்கிறது. அதிகாரி முதலில் கேட்டது ஒப்பந்தத்தைத்தான். சட்டத்தின் கண்ணில் பணிக்கொடை ‘சம்பளம்’ என்பதற்குள் வராது. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய எந்தப் பணத்தையும் அங்கே கேட்கலாம். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அந்த 15,600க்கு நாங்கள் என்னத்தைக் காட்டியிருப்போம்? நான்காம் பக்கம், ஒன்பதாவது வரி. அதிகாரி பென்சிலால் மெல்லக் கோடு போட்டார். சேமநிதிப் பாக்கியைச் சேமநிதி வாரியத்தில் தனியாகப் புகார் செய்யச் சொன்னார். வெளியே வந்து அதையும் முடித்தோம்.

புதன் மாலை பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல். சிபி 21 நகல் இணைத்திருந்தார்கள். அனுப்பிய தேதி அதே புதன்கிழமை.

பணம் இன்னும் வரவில்லை. தொழிலாளர் இலாகாவின் விசாரணை நாளுக்கு டீச்சர் காத்திருக்கிறார். பெர்மிட்டில் இன்னும் பதினெட்டு நாள் இருந்ததால் விமானச் சீட்டை இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். அதற்கு 430 வெள்ளி ஆனது. அந்த ரசீதையும் துளையிட்டுக் கோப்பில் சேர்த்திருக்கிறார்.