வீடும் காற்றும் – 9: மணிக்கு அரைப் பங்கு

கதவும் சன்னலும் இறுக மூடிக்கொள்ளும் இன்றைய வீட்டில், காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதைக் குடியிருப்போரின் பழக்கத்துக்கு விட்டுவிடாமல், சட்டமாகவே எழுதிவைத்த நாடு ஜப்பான். 2003 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டடத் தரச் சட்டத் திருத்தத்தின்படி, அங்குப் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கக்கூடிய இயந்திரக் காற்றோட்ட அமைப்பு இருந்தாக வேண்டும் என்பது பொது விதி. சென்ற இதழில் விளக்கப்பட்ட முற்றமும் சாளரமும் கேட்காமலே செய்துவந்த வேலையை, அங்கு ஒரு சிறு விசிறியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

காகிதம் ஒட்டிய நகர்த்துக் கதவுகளும் கோரைப் பாய் விரித்த தளமும் கொண்ட பழைய ஜப்பானிய வீடு, இண்டு இடுக்குகளின் வழியே ஓயாமல் காற்றை வாங்கி விட்டுக்கொண்டிருந்தது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், சூடாக்கிய காற்று வீணாகாமலிருக்கச் சுவர்களுக்குள் வெப்பக்காப்புப் பொருள் வைப்பதும், இடுக்கில்லாத அலுமினியச் சன்னல் பொருத்துவதும் பெருகின. அதே காலத்தில் முழுமரத்தின் இடத்தைப் பிளைவுட், துகள்பலகை, எம்.டி.எஃப். ஆகிய ஒட்டுப்பலகைகள் பிடித்துக்கொண்டன. இப்பலகைகளின் மரத் தாள்களையும் துகள்களையும் இழைகளையும் பிணைக்கும் யூரியா–ஃபார்மால்டிஹைடு பிசின், வெப்பமும் ஈரமும் கூடக்கூடச் சிறிது சிறிதாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுவது. இக்கசிவு முதல் மாதங்களில் மிகுதியாகவும் பின்னர்க் குறைந்தும், ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடியது. மூடிய வீடும் வாயு கசியும் பலகையும் ஒன்றுசேர்ந்ததன் விளைவாக, கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி எனத் தொடங்கும் உபாதைகள் 1990-களில் அங்குப் பெரும் பொதுப் பிரச்சினையாகி, ‘சிக் ஹவுஸ்’, அதாவது நோயுண்டாக்கும் வீடு என்ற பெயரையும் பெற்றன. ஒரு கன மீட்டர் காற்றில் ஃபார்மால்டிஹைடு 100 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என 1997-இல் வழிகாட்டு அளவு வகுக்கப்பட்டது.

2003-ஆம் ஆண்டுத் திருத்தம், கறையானுக்கு அடிக்கப்பட்டுவந்த குளோர்பைரிஃபாஸ் மருந்தைக் குடியிருப்புகளில் தடைசெய்தது. பலகை, பசை முதலியவற்றுக்கு வாயுக் கசிவைப் பொறுத்து நட்சத்திரக் குறி வழங்கி, நான்கு நட்சத்திரம் பெற்றதைத் தடையின்றியும், குறைந்தவற்றை அளவோடும் பயன்படுத்தச் செய்தது. எனினும் இச்சட்டத்தின் உயிர்நாடி மூன்றாவது கூறிலேயே இருக்கிறது. வாயு கசியாத பொருள்களைக் கொண்டே வீடு கட்டப்பட்டாலும், குடிவருவோர் கொண்டுவரும் அலமாரியும் கட்டிலும் வாயுவைக் கசியவிடும் என்பதால், பொருளில் எவ்வளவு தூய்மை காத்தாலும் காற்றோட்டம் கட்டாயம் என்று அது வகுத்தது. இந்த முன்யோசனை பாராட்டத்தக்கது.

குடியிருப்பு அறைகளுக்குச் சட்டம் வகுத்த அளவு மணிக்கு 0.5 காற்றுமாற்றம், அதாவது அறையின் கொள்ளளவில் பாதியளவு வெளிக்காற்று ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே வரவேண்டும் என்பது. 10 அடி அகலமும் 12 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட படுக்கையறையில் ஏறத்தாழ 34 கன மீட்டர் காற்று இருக்குமாதலால், அதற்கு மணிக்கு 17 கன மீட்டர் தேவை. உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டைஆக்சைடை வெளிவிடுகிறார். துளியும் கசிவில்லாத அவ்வறையில் இருவர் உறங்கினால், வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்காக உள்ள அந்த வாயு, ஒரே மணி நேரத்தில் 1,100-ஐத் தாண்டிவிடும். மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே 1,000 பங்கை நல்ல காற்றின் எல்லையாகக் கொண்டிருந்தார். அவ்வளவில் அவ்வாயு நஞ்சன்று, மனிதர் மூச்சால் காற்று எவ்வளவு பழையதாகிவிட்டது என்பதைக் காட்டும் அளவுகோல் அது. அரைப் பங்கு காற்றுமாற்றம் நடந்தாலும், இருவர் உறங்கும் அச்சிறிய அறையில் அளவு 1,800-ஐ ஒட்டியே சென்று நிற்கும். ஃபார்மால்டிஹைடை மனத்தில் வைத்து வகுத்த எண் மூச்சுக்குப் போதுமானதன்று என்பதை இங்குக் குறித்தாக வேண்டும்.

ஜப்பானிய வீடுகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு மிக எளியது. படுக்கையறையின் வெளிச்சுவரில் கையகல வட்டத் துளை ஒன்றும் அதன்மேல் வடிகட்டியுடன் கூடிய மூடியும் இருக்கும். அறைக்கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடப்பட்டிருக்கும். குளியலறையிலோ கழிவறையிலோ ஒரு சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓயாமல் சுழலும். அது இழுக்கும் காற்று துளை வழியே நுழைந்து, கதவின் அடியில் புகுந்து, வீட்டின் ஈரமான மூலைக்குச் சென்று வெளியேறுகிறது. குளிர்காலத்தில் சில்லென்று காற்று படுகிறதே என்று மூடியை அடைத்துவிட்டாலோ, தூசியால் கறுத்த வடிகட்டியைக் கழுவாமல் விட்டாலோ, விசிறி சுழன்றும் பயனில்லாமற் போகும்.

வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை அல்லது வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றித்தரும் வெப்பப் பரிமாற்றியும் உண்டு. 1970-இல் மிட்சுபிஷி எலக்ட்ரிக் அறிமுகப்படுத்திய ‘லாஸ்னே’ கருவியில், இரு காற்றோட்டங்களும் கலந்துவிடாமல் பிரிக்கும் தடுப்பு காகிதத்தால் ஆனது. வெப்பத்தோடு ஈரத்தையும் அது கடத்துவதால், புழுக்கம் மிகுந்த ஊர்களுக்கு இவ்வகையே ஏற்றது.

தமிழ்நாட்டின் புதிய வீடுகளில் சன்னலுக்கு மேலிருந்த வென்டிலேட்டர் மறைந்துவருகிறது. அறைதோறும் ஸ்பிலிட் ஏ.சி. ஏறியிருக்கிறது. வெளியே நிற்கும் பெட்டியைப் பார்த்து, அது வெளிக்காற்றை உள்ளே அனுப்புகிறது என எண்ணுவோர் உளர். உண்மையில் இரு பெட்டிகளுக்கும் இடையே ஓடுவது குளிர்பொருள் மட்டுமே, அறைக்குள் சுழல்வது அதே பழைய காற்று. அலமாரிகளுக்கு வாங்கப்படும் ‘கமர்ஷியல் பிளை’ பெரும்பாலும் யூரியா–ஃபார்மால்டிஹைடு பிசினால் ஒட்டப்படுவது. பினால் வகைப் பிசின் கொண்ட, கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். பலகை சற்று விலை கூடினாலும் கசிவு குறைந்தது.

வீடு கட்டத் தொடங்குவோர் வரைபடத்தை வாங்கிப் பார்க்கும்போது, இரவில் கதவு சாத்தி ஏ.சி. ஓடும் படுக்கையறைக்கு வெளிக்காற்று எங்கிருந்து வரும் என்று பொறியாளரிடம் கேட்டு, அந்தத் துளையைச் சுவர் எழும்போதே வைக்கச் சொல்ல வேண்டும். சாலைத் தூசி மிகுந்த இடமானால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியுடன் வைக்கச் சொல்ல வேண்டும்.

(தொடரும்)