கண்டிச்சீமையில் பத்து நாள்

வெளிநாடு போகிறோம் என்றால் நம் தெருவில் இரண்டு கேள்விதான் வரும். எந்த ஏஜென்ட்? எத்தனை வருஷம் அக்ரிமென்ட்? பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவரும் அதையேதான் கேட்டார். "வேலைக்கு இல்லீங்க. இலங்கையைச் சுத்திப் பார்த்துட்டு, அங்க இருக்கிற சொந்தக்காரங்களையும் பார்த்துட்டு வர்றோம்" என்றோம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். சேரிக்காரர்களுக்கு இலங்கையில் என்ன சொந்தம் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

உண்மையில் சேரிக்காரர்களுக்குத்தான் அங்கே சொந்தம் அதிகம். 1820களில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். காப்பிச்செடியில் இலைநோய் விழுந்தது, தேயிலை வந்தது. ஆள் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. அதிகம் பேரை அனுப்பிய ஜில்லாக்களில் திருச்சியும் சேலமும் முன்வரிசை. அன்றைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதில் அடக்கம். தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சமவெளி எப்படிச் செத்தது என்பதைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். கூட்டிப்போன கங்காணிகளில் பலர் குடியானவர்கள். ஊரில் பண்ணையக்காரர், தோட்டத்தில் கங்காணி. கடல் தாண்டியும் கை கட்டி நிற்கவேண்டிய வாசல் மாறவில்லை.

எங்கள் அம்மாயியின் அக்கா அப்படிப் போனவர்தான். (எங்களில் ஒருவருக்குத்தான் அவர் அம்மாவைப் பெற்ற அம்மாயி, மற்றவருக்குக் கட்டிக்கொண்ட வழியில் அம்மாயி.) 1939இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் புருஷனோடு மண்டபம் கேம்ப் வழியாகப் போனார். திரும்பி வரவே இல்லை. இலங்கை, சிலோன் என்றெல்லாம் அம்மாயி சொன்னதில்லை. கடைசிவரை அவருக்கு அது கண்டிச்சீமைதான்.

போக முடிவு செய்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழர் ஏறத்தாழ 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடு மாட்டைப் பிரிப்பதற்குக்கூட நம் ஊரில் நாலு பேரைக் கூட்டி வைத்துக் கேட்பார்கள். இந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அம்மாயியின் அக்கா மகன் இந்தியாவுக்கு, மகள் இலங்கைக்கு என்று ஆனது. மாமா கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டு, அங்கேயே உழைத்து அங்கேயே அடங்கினார். அவருடைய பேத்தி நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு ஆதிதிராவிடர் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பூர்வீகத்தைக் காட்டு என்கிறார்கள். மாமா கொண்டுவந்த காகிதங்களால் வேலை நடக்கவில்லை. எங்கள் சான்றிதழை எடுத்துப்போய்க் காட்டினோம். "உங்களுக்கும் இவங்களுக்கும் என்ன உறவு, அதுக்கு ஆதாரம்?" என்றார்கள். ஆதாரம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கலாம் என்று தோன்றியது.

2024 டிசம்பரில் கிளம்பினோம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போல. அக்காவும் புருஷனும் போன காலத்தில் மண்டபத்தில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, மருந்தடித்து, அம்மை குத்தி, பிறகுதான் கப்பல் ஏற்றுவார்கள். அதற்கும் முந்திய தலைமுறை மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தே போனது. வழியில் காலராவில் விழுந்தவர்களைப் புதைக்கக்கூட நின்றிருக்க மாட்டார்கள். எங்களுக்கோ ஜன்னலோரச் சீட்டு, தட்டில் ரொட்டி.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் பதுளை ரயில். அங்குள்ளவர்கள் இப்போதும் 'கோச்சி' என்றே சொல்கிறார்கள். நாவலப்பிட்டி தாண்டினதும் குளிர் ஏறத் தொடங்கியது. ஏற்காட்டுக் குளிர் பழகியிருந்தும் தாங்கவில்லை. கொண்டுபோன போர்வையை ஆளுக்குப் பாதி சுற்றிக்கொண்டோம். அட்டன், தலவாக்கலை, நானுஓயா, பட்டிப்பொல. வாசலில் தொங்கிக்கொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் பச்சைக் கம்பளம் விரித்தமாதிரி என்று பயணக் கட்டுரைகளில் எழுதுவார்களே, அந்த மலைதான். எங்கள் கண் மட்டும் நிரை நிரையாகத் தகரக் கூரை போட்ட லயங்களிலேயே போய் நின்றது.

சுற்றிப் பார்க்காமல் இல்லை. நுவரெலியா ஏரிக்கரையில் குதிரைச் சவாரியை வேடிக்கை பார்த்தோம். தெமோதரையில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நின்று எல்லோரையும்போலப் படம் எடுத்துக்கொண்டோம். ஒரு தேயிலைச் சரிவில் சுற்றுலாக்காரர்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சிரித்து நின்றார்கள். நாலடி தள்ளி நிஜமான கூடையோடு ஒரு அம்மா. செல்பேசியை வெளியே எடுத்தோம்; அவர் எங்களைப் பார்த்ததும் பையில் போட்டுக்கொண்டோம். "எங்க, இந்தியாவா?" என்றார். அன்றைக்கு அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 1,350 ரூபாய், இலங்கைப் பணம். நம் பணத்தில் நானூறுகூட வராது. அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும் சவுக்காரமும் தடவுகிற பக்குவத்தையும் அந்த அம்மாவே சொல்லிக்கொடுத்தார்.

பெரியம்மா இருப்பது பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். பஸ் இறங்கிய இடத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

"நாமக்கல்லுங்க."

"அது சரி. நாமக்கல்ல எந்தப் பக்கம்?"

கேள்வி புரிந்துவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது நமக்கு. "சேரிப் பக்கம்" என்றோம். பெரியவர் எழுந்துவந்து எங்கள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நம்ம பக்கந்தான், வாங்க."

அந்த நாட்டில் சாதிச் சான்றிதழ் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதுவார்கள், அவ்வளவே. சாதிக்குக் காகிதம் வேண்டியதில்லை, லயமே போதும். மேட்டு லயம் யாருக்கு, பள்ளத்து லயம் யாருக்கு என்று வெள்ளைக்காரத் துரை காலத்தில் பிரித்தது. இப்போது கலந்துதான் இருக்கிறார்கள். ஆனால் கல்யாணப் பேச்சு என்று வந்தால் எந்த லயத்துப் பிள்ளை என்ற விசாரிப்பு முதலில் வருகிறது என்று பெரியம்மாவின் மருமகள் சொன்னார்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. அதில் முன்னால் ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல். முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "வாங்க கண்ணு" என்றார். அதுவரை எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொங்குச்சீமையையே பார்க்காத ஒரு கிழவி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர், "எங்க அப்புச்சி வீட்ல எல்லாரும் சுகமா?" என்று கேட்டபோதுதான் இருவருக்கும் தொண்டை அடைத்துவிட்டது. அந்த அப்புச்சி இறந்து அறுபது வருஷமாவது இருக்கும்.

மூன்று நாள் இருந்தோம். ரொட்டியும் சம்பலும், நாங்கள் வந்திருப்பதற்காகக் கோழிக் குழம்பும். ராத்திரி அடுப்போரம் உட்கார்ந்தால் கதை. நவம்பர்த் தேர்தலில் பதுளையிலிருந்து தோட்டத்து மக்களின் பெண்ணான அம்பிகா சாமுவேல் நாடாளுமன்றம் போனதைப் பேத்திகள் பெருமையாகச் சொன்னார்கள். 1947 தேர்தலில் ஏழு பேரை அனுப்பிய சனம், அடுத்த இரண்டே வருஷத்தில் ஓட்டை இழந்தது என்பது அந்தப் பிள்ளைகளுக்கே புதுச் செய்தியாக இருந்தது.

பொன்னர் சங்கர் கூத்து அங்கே இன்னும் ஆடுகிறார்கள். காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் மலையகத்தின் பெயர்பெற்ற கூத்துகள். நம் பக்கத்துக் கதை அல்லவா! பொன்னர் சங்கருக்குத் துணையாக நிற்கும் சாம்புவன் வேஷம் யார் கட்டுவார்கள் என்று கேட்டோம். "எங்க அய்யாதான் கட்டுவாக" என்றார் பெரியம்மா. "ராசா வேசம் கங்காணி வீட்டு ஆளு கட்டும். ஆனா சனம் அய்யா வர்றதுக்குத்தான் முழிச்சிருக்கும்."

கடைசி நாள்தான் நாங்கள் வந்த விஷயத்தை எடுத்தோம். பெரியம்மா தகரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவர் அம்மாவின் சேலைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் அம்மாயி போட்ட கார்டுகள் ஏழு. அம்மாயிக்கு எழுதத் தெரியாது. ஊர் வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே பெரியம்மாவின் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. "கங்காணி வீட்டு வாசல்ல போயி நிக்கணும். கணக்கப்பிள்ளை சத்தம்போட்டுப் படிப்பாரு. நம்ம வீட்டுச் சாவு, கடன், எல்லாம் தோட்டத்துக்கே தெரியும்" என்றார்.

1961ஆம் வருஷத்து முத்திரை விழுந்த ஒரு கார்டு. "அக்காளுக்குத் தங்கச்சி எழுதிக்கொண்டது" என்று தொடக்கம். இரண்டு பேர் பெயரும், தகப்பன் பெயரும் தெளிவாக இருக்கிறது. ஓரத்தில் அனுப்புநர் விலாசம்: பறைத்தெரு, ஊர்ப் பெயர், நாமக்கல் தாலுகா, சேலம் ஜில்லா.

அந்த விலாசத்தைச் சொல்லக் கூசித்தான் எங்கள் அப்பாக்கள் தலைமுறை தெருப் பெயரை மாற்றச் சொல்லி மனுக்கொடுத்தது. பிறகு காலனி ஆனது. 'காலனி' என்ற சொல்லையும் அரசுப் பதிவுகளிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எடுக்கவேண்டிய சொல்தான், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வாத்தியார் எழுதிய அந்தப் பழைய வசவுதான் கூடலூர்ப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே ஆதாரம்.

பெரியம்மா கார்டைக் கொடுக்க முதலில் மனம் ஒப்பவில்லை. பண்டாரவளை டவுனுக்குப் போய்க் கலர் நகல் எடுத்தோம். திரும்பி வந்தபோது, "அசலையே கொண்டுபோ கண்ணு, நகல நான் வச்சுக்கிறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், கண்ணு தெரியாது" என்றார்.

மனுவோடு கார்டைக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. இடையில் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். கார்டில் எழுதியிருக்கும் தெரு இப்போது ஊரில் இல்லையே, அந்தத் தெருதான் இந்தத் தெரு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.