கேள்வி கேட்கும் கணிப்பொறியும் பதில் சொல்லும் கணிப்பொறியும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

விஞ்ஞானம் தந்த வியத்தகு சாதனங்களுள் கணிப்பொறி முதன்மையானது என்றால் மிகையாகாது. பல கணிப்பொறிகளுக்குச் சேவை செய்யும் கணிப்பொறியைச் சர்வர் என்பர். தொலைவிலுள்ள சர்வரை இருந்த இடத்திலிருந்தே இயக்கலாம். ஆனால் ஆணையிட்டவுடன் அது பணிந்துவிடுவதில்லை. "கடவுச்சொல் என்ன?", "இதை அழிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்து நிற்கும். ஒரு சர்வர் என்றால் நாமே விடை தரலாம். நூறு சர்வர்கள் நள்ளிரவில் கேட்டால் யார் விழித்திருப்பது?

இதற்கு எளிய வழி, எல்லாவற்றிற்கும் 'ஆம்' என்று சொல்லிவிடுவதே. யூனிக்ஸ் கணிப்பொறிகளில் 'எஸ்' என்றொரு கட்டளை உண்டு. நிறுத்தும்வரை அது 'ஒய்' என்ற எழுத்தையே வரிவரியாக அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு கேள்விக்கு 'ஆம்', அடுத்ததற்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டுமானால் இது உதவாது.

இக்குறையைப் போக்கியவர் அமெரிக்க அறிஞர் டான் லீபஸ். அந்நாட்டின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர், 1990-ஆம் ஆண்டில் 'எக்ஸ்பெக்ட்' என்னும் மென்பொருளை அறிமுகப்படுத்தினார். எதிர்பார் என்பது அதன் பொருள். 'தொடங்கு', 'எதிர்பார்', 'அனுப்பு' ஆகிய மூன்று கட்டளைகளே அதன் உயிர்நாடி. முதலாவது, உரையாட வேண்டிய நிரலைத் தொடங்கி வைக்கும். இரண்டாவது, குறிப்பிட்ட கேள்வி வருகிறதா என்று பார்த்திருக்கும். மூன்றாவது, அதற்குரிய விடையை அனுப்பும். 'ரோக்' என்னும் விளையாட்டில் வீரனின் பலம் வழக்கமாக 16; எப்போதாவது 18 கிடைக்கும். 18 கிடைக்கும்வரை சலிக்காமல் ஆட்டத்தை மீண்டும் மீண்டும் தொடங்கச் செய்யும் சிறு நிரலையே லீபஸ் எடுத்துக்காட்டாகத் தந்தார்!

எனினும் கவனம் தேவை. வேறு கால அளவு குறிப்பிடாவிட்டால் எக்ஸ்பெக்ட் 10 விநாடிகளே காத்திருக்கும். எதிர்பார்த்த கேள்வி வராவிட்டால் என்ன செய்வதென்று எழுதி வைக்காவிடில், அது பேசாமல் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். ஆகவே, "வராவிட்டால் நிறுத்து" என்றும் எழுத வேண்டும். கடவுச்சொல்லை நிரலிலேயே எழுதி வைத்தால், அதைப் படிப்போர் அனைவரும் அறிந்துகொள்வர்.

பாதுகாப்பான தொடர்புக்காக 1995-இல் பின்லாந்தில் தோன்றியது 'எஸ்.எஸ்.எச்.' என்னும் முறை. இதில் கடவுச்சொல்லுக்குப் பதில் இரட்டைச் சாவியைப் பயன்படுத்தலாம். பொதுச் சாவி சர்வரில் இருக்கும். இரகசியச் சாவி நம்மிடமே இருக்கும். அறியாத சர்வரை முதன்முறை அணுகும்போது, அதன் அடையாளத்தைக் காட்டி, "தொடரலாமா?" என்று இம்முறை கேட்கும். சரிபாராமல் இதற்கும் 'ஆம்' சொல்லுமாறு எழுதி வைத்தால், உண்மைச் சர்வர்போல் நடிக்கும் வஞ்சகனிடம் நாமே சிக்கிக்கொள்வோம்.

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளையை வாயிலில் வைக்கலாம். வந்தவர் யாரென்று அது ஆராயாது. நாம் முன்பே சிந்தித்து முடித்த கேள்விகளுக்கு மட்டும் பொறி விடை சொல்லட்டும். புதிய கேள்வி வந்தால் அது நின்று நம்மை அழைக்கட்டும். 'ஆம்' என்று சொல்வது எளிது. எதற்குச் சொல்கிறோம் என்று அறிந்து சொல்வதே அறிவுடைமை.